கொருக்குப்பேட்டை கேட்

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு
மீஞ்சூரிலிருந்து வரும் ஒன்பதேகால் யூனிட்டில்
எத்திராஜ் இறங்குவான்.
சட்டைப்பையில் ஒரு கவர்,
கவருக்குள் மூவாயிரம்.
முதல் தடவை மேலே ஒரு ரூபாய் நாணயமும் வைத்திருந்தான்.
"இதென்னடா, மொய்யா?" என்றேன்.
அதற்கப்புறம் நாணயம் இல்லை.
அந்த ஒரு ரூபாயை நான் திருப்பித் தரவும் இல்லை.

அவன் வாங்கிய சொசைட்டி லோனுக்கு
ஜாமீன் கையெழுத்து என்னுடையது.
அம்பத்தூர் கம்பெனி கேன்டீனில்
பொங்கல் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப்
படிக்காமல் போட்டது.
படித்திருந்தாலும் போட்டிருப்பேன்,
அதுதான் இன்னும் எரிகிறது.

மூன்றாம் மாதம் வேலையை விட்டான்.
நான்காம் மாதம் போன் நம்பரை மாற்றினான்.
என் சம்பளச் சீட்டில் "பிடித்தம்" என்கிற கட்டத்துக்குள்
நாற்பது மாதம்
பெயரில்லாமல் உட்கார்ந்திருந்தான்.
ரெஜினாவின் செயின் தங்கசாலை சேட்டிடம் போய்
அங்கேயே தங்கிவிட்டது.
பையனுக்கு பாலிடெக்னிக் ஒரு வருஷம் தள்ளிப்போனது.
தெரு அடிபம்பில் தண்ணீர் அடிக்கும்போது
ஒரு அடிக்கு ஒரு வசவு.
குடம் நிரம்பும்வரை அவனோடுதான்
பேசிக்கொண்டிருந்தேன் என்பது
அப்போது தெரியவில்லை.

ஆறாம் வருஷம் வாசலில் வந்து நின்றான்.
முன்மண்டை வெறிச்சிட்டிருந்தது.
தொண்டைவரை வந்த ஏதோ ஒன்றை
விழுங்கிவிட்டு,
"மாசம் மூணு தர்றேன்டா.
ஜிபே நம்பர் சொல்லு" என்றான்.

"ஜிபே வேணாம்.
நேர்ல கொண்டாந்து குடு."

தண்டனை என்று நினைத்திருப்பான்.
நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதல் வருஷம் முழுக்க வாசலிலேயே வாங்கினேன்.
அவன் கண்ணெதிரே எச்சில் தொட்டு
இரண்டு தரம் எண்ணினேன்.
உள்ளே ரெஜினா
பாத்திரங்களை வேண்டுமென்றே ஓங்கி வைப்பாள்.

நவம்பர் மழையில் ஒருமுறை
முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தான்,
செருப்பு கையில், பிளாஸ்டிக் பையில் சுற்றிய கவர்
கைக்குட்டையோடு சேர்த்துத் தலைமேல்.
துண்டு கொடுத்தது ரெஜினாதான்.
கொடுத்துவிட்டு,
"என் செயின் மூணு சவரன்" என்றாள்.
"தெரியும் அண்ணி."
துடைத்துக்கொள்ளவே இல்லை அவன்,
துண்டைப் பிடித்தபடி
சொட்டிக்கொண்டு நின்றான்.

எந்த மாதத்திலிருந்து எண்ணாமல் வாங்குகிறேன்?
நினைவில்லை.
இப்போதெல்லாம் கேட் வரைக்கும் நானே போகிறேன்.
பீடி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு.
பீடியை விட்டு இரண்டு வருஷம் ஆனது
ரெஜினாவுக்குத் தெரியும்.

போன ஞாயிறு கேட் போட்டிருந்தான்.
கரி ஏற்றிய கூட்ஸ்,
போகிறதா நிற்கிறதா என்றே தெரியாத வேகம்.
ஆட்டோக்கள் எஞ்சினை அணைத்துவிட்டன.
சக்கரங்களுக்கு அடியில் அந்தப் பக்கம்
ஒரு ஜோடி செருப்பு,
இடது காலைக் கொஞ்சம் வெளியே திருப்பி வைக்கும்
பழைய நிற்பு.
இரண்டு பெட்டிகளுக்கு நடுவே
முகத்தில் ஒரு துண்டு தெரியும்,
பிறகு இரும்பு,
பிறகு இன்னொரு துண்டு.
நாற்பத்தொன்று வரை பெட்டிகளை எண்ணினேன்.
அவன் கையாட்டினான்.
கணக்கு விட்டுப்போனது.

டீக்கடையில் கவரை நீட்டியபடி,
"ஐந்நூறு குறையுதுடா.
அடுத்த மாசம் சேத்துத் தர்றேன்" என்றான்.

டைரியில் இது ஐம்பத்தொன்பதாவது கோடு.
அறுபதோடு தீர்கிறது.

பலமுறை துவைத்த வெள்ளைச் சட்டை.
பையின் மெல்லிய துணிக்குள்
நாலாய் மடித்த ஐந்நூறு
சாம்பல் நிறத்தில் தெரிந்தது.
நான் பார்த்ததை அவனும் பார்த்தான்.
இருவரும் டீயை ஊதினோம்.

செயினைப் பற்றி இன்னும் பேசவில்லை.
சவரன் விலையை இப்போது யார் வாயால் சொல்வது.
அதைத் தொடங்கினால்
இன்னும் எத்தனை ஞாயிறு ஆகுமோ.

"மெதுவா குடு" என்றேன்.
டீக்குக் காசு கொடுக்கப் போனவனின்
கையைத் தட்டிவிட்டேன்.